பின் இருக்கையில் என் மகன்

என் மனைவியை அடக்கம் செய்யத் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று என் மகன் சொன்னதாக ஊரிடம் சொன்னேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. ‘வச்சிருங்க அப்பா, நான் வாறேன்’ என்றுதான் சொன்னான்.

இது மட்டும் என்றால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். இதற்குமேல் ஒன்று உண்டு. கடந்த பதினான்கு மாதங்களாக அதே மகனிடம், நான் யார் என்பதை மறைத்து, இன்னொருவன் பெயரில், போர் விமானம் ஓட்டக் கற்று வருகிறேன்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். கணினித் திரையில் ஓட்டும் விமானம்தான். ஆனால் விளையாட்டுப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே பொத்தான்கள், முட்கள், விளக்குகள் எல்லாம் நிஜ விமானத்தில் உள்ளபடியே இருக்கும். இயக்கத் தெரியாவிட்டால் என்ஜின் முனகாது. தெரியாமல் இயக்கினால் எரிந்து போகும்.

எனக்கு எழுபத்துமூன்று வயது. வீடு பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. அமரவிளைச் சோதனைச் சாவடியில் எழுத்தராக இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன். லாரிகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. வேலை முடிந்தது, எண்ணுவது முடியவில்லை. படி, மாத்திரை, சபை ஆராதனையில் இருமுகிறவர்கள், கூரையில் வந்து உட்காரும் காக்கைகள்... எதையும் எண்ணாமல் விட்டால் எனக்குள் ஏதோ அரிக்கும்.

அந்த எண்ணிக்கைப் பழக்கத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஒரு வியாழக்கிழமை என் மனைவி ஞானம்மா நெஞ்சு கனக்கிறது என்றாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாடியை எண்ணினேன். எழுபத்தெட்டு. “கணக்கு சரியா இருக்கு. வாயுவாக்கும்” என்றேன். அன்று மாலை கனடாவிலிருந்து ஜெபின் அழைத்தான். எங்களுக்கு அவன் ஒருவன்தான் பிள்ளை. “அப்பா, இப்பவே நெய்யாற்றின்கரைக்குக் கொண்டு போங்க. ஆஸ்பத்திரில காட்டீட்டு என்னைக் கூப்பிடுங்க” என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவனிடம் “சரி” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் தேயிலை கொதிக்க வைத்துவிட்டு வந்து கூப்பிட்டபோது அவள் எழவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தை நீங்கள் அறிந்திருக்கலாம். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் உண்டு. ஒரு சாவு விழுந்தால் முதல் கேள்வி, அங்கிருப்பவர் எப்போது வருவார் என்பதே. அவர் வரும்வரை உடலை ஆஸ்பத்திரியின் குளிர் அறையிலோ, வாடகைக்கு எடுக்கும் குளிர்ப்பெட்டியிலோ வைத்திருப்பார்கள். இரண்டு நாள், நான்கு நாள், ஒரு வாரம்கூட. யாரும் முகம் சுளிப்பதில்லை. மகன் வந்து முதல் பிடி மண் போடாமல் இங்கே எந்தத் தாயையும் மூடுவதில்லை.

ஜெபின் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வந்துவிடுவதாகச் சொன்னான். விமான நேரங்களை எனக்கு வாசித்துக் காட்டினான். நானும் மனதில் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

முன்னறையில் குளிர்ப்பெட்டி வந்திறங்கியது. அதன் கண்ணாடிக்குள் ஞானம்மா. பக்கத்தில் போதகர். ஞானம்மாவின் அண்ணன் மகள் லிஜி அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்து கேட்டாள்.

“மாமா, ஜெபின் எப்ப வாறான்?”

அந்த ஒரு கணத்தில் நான் பார்த்தது என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நண்பகல். பெட்டியோடு என் மகன் வாசலில் இறங்குகிறான். அழுகிறான். அழுது முடித்து என் பக்கம் திரும்புகிறான். ‘ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க, அப்பா?’

அந்தக் கேள்வியின் முன்னால் நிற்க என்னால் இயலாது என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு காரணங்கள் பலவற்றைப் பின்னால் உண்டாக்கிக்கொண்டேன். மின்சாரம் போய்ப் போய் வந்தது, மழை பெய்தது, அவளைக் கண்ணாடிக்குள் பார்க்கச் சகிக்கவில்லை... ஒன்றும் உண்மையல்ல. நான் அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

“அவன் வரல்ல” என்றேன். “லீவு இல்லியாம். காத்திருக்காண்டாம்ணு சொல்லீட்டான்.”

லிஜி என்னைப் பார்த்தாள். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவானது. முதல் பிடி மண் நான் போட்டேன்.

மண் போட்டுவிட்டு வந்து ஜெபினுக்கு ஒரு வரி அனுப்பினேன், அடக்கம் முடிந்தது என்று. அப்போது அவன் வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தான். உடனே அழைத்தான்.

“நான் பாதி வழியில நிக்கேன், அப்பா.”

அவன் பின்னால் அரபியில் அறிவிப்புகள் கேட்டன. மூன்று எண்ணினேன். பிறகு, “இனி யாரப் பாக்க வரணும்?” என்றான். அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டான்.

அவனுக்குத் தெரிந்தது, அப்பா காத்திருக்கவில்லை என்பது மட்டும். ஊருக்குத் தெரிந்தது, மகன் வர மறுத்தான் என்பது. இரண்டையும் சேர்த்து அறிந்தவன் நான் ஒருவன்.

அதன்பின் மாதத்துக்கு ஒரு செய்தி வரும், நலமா என்று. நலம் என்று பதில் போடுவேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்... அப்படி இரண்டு ஆண்டுகள் போயின. நான் அவன் குரலைக் கேட்கவே இல்லை.

நீங்கள் தனியாக இருந்திருக்கிறீர்களா? ஆள் இல்லாத வீட்டைச் சொல்லவில்லை. ஆள் இல்லாததற்குக் காரணம் தானே என்று அறிந்தவனின் வீட்டைச் சொல்கிறேன். அந்த வீட்டில் வானொலி வைத்தாலும் சத்தம் நிறைவதில்லை.

மாடியறையில் ஜெபினின் பழைய கணினி இருந்தது. விமானம் ஓட்டும் பிடியும், வேகம் கூட்டும் நெம்புகோலும் இருந்தன. கல்லூரி நாள் முதல் அவனுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. கனடா போனபின்னும் விடவில்லை. தான் ஓட்டுவதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவான். ஒருநாள் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். விமானம் எனக்கு முக்கியமல்ல. அவன் பேசிக்கொண்டே ஓட்டுவான். அந்தப் பேச்சுக்காகப் பார்த்தேன்.

ஒரு படத்தின் முடிவில் சொன்னான்: சனிக்கிழமைதோறும் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து பறக்கிறோம், நம்ம ஆட்கள்தான், தமிழும் மலையாளமும் பேசுவோம், புதிதாகக் கற்க விரும்புகிறவர்கள் வரலாம்.

அந்த அழைப்பை எட்டு முறை கேட்டேன்.

லிஜிக்கு அமரவிளையில் கணினி பழுது பார்க்கும் கடை உண்டு. அவளைத்தான் கூப்பிட்டேன். வந்தாள். மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து தூசி ஊதி, ஏதோ மாற்றி, ஏதோ சேர்த்து, விமானத்தை ஏற்றித் தந்தாள்.

“உங்க வயசுல ஆளுகள் வேதபுஸ்தகம் வாசிப்பாவ. நீங்க குண்டு போடப் போறியளாக்கும்.”

“பொழுது போகல்ல, மக்கா.”

“போடுங்க போடுங்க. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் போட்டிராதீங்க.” பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. “இது அவனுக்கதுதானே? வந்து பாக்காத்தவனுக்க சாமானம் எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு.”

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் கையில் துணியோடு நின்றாள், நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், வேறு யாரும் இல்லை. நான் சொன்னது, “தேயிலை போடட்டா?” என்பது.

குழுவில் சேர்ந்தபோது என் பெயர் ராஜமணி, ஊர் மார்த்தாண்டம். தொண்டையில் அறுவை நடந்ததால் பேச இயலாது, கேட்க இயலும் என்று தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன். குரலை அவன் கண்டுபிடித்துவிடுவான் அல்லவா? பொய் எனக்கு இவ்வளவு எளிதாக எப்படி வந்தது... இருபத்தெட்டு ஆண்டுகள் மற்றவர்களின் பொய்யைக் கேட்ட இடத்தில் இருந்தவன், அதனாலோ என்னவோ.

“பரவால்ல அங்கிள், பேசாண்டாம்” என்றான் ஜெபின். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் என்னை நோக்கிச் சொன்ன முதல் வாக்கியம் அது. “பிடியில பேசதுக்கு ஒரு பொத்தான் உண்டு. அத அமுக்கினா எனக்கு இங்க ‘டிக்’குண்ணு கேக்கும். ரெண்டு தடவ அமுக்கினா ஆமா. ஒரு தடவ அமுக்கினா இல்ல. மதி, அது போதும்.”

இரண்டு முறை அமுக்கினேன்.

பயிற்சி விமானத்தில் இரண்டு இருக்கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியன். ஒரே விமானத்தில் இருவரும் ஏறலாம், ஒருவன் பாறசாலையிலும் மற்றவன் கனடாவிலும் இருந்தாலும். முன்பக்கச் சட்டத்தில் சிறு கண்ணாடி ஒன்று உண்டு. அதில் பின்னால் இருப்பவரின் தலைக்கவசம் தெரியும். அவன் அங்கே தலையைத் திருப்பினால் இங்கே கண்ணாடியில் கவசம் திரும்பும். முகம் தெரியாது, கறுத்த மறைப்பு மட்டும்தான். எனினும் திரும்பியது என் மகனின் தலை. நான் ஓடுபாதையைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே முதல் நாள் புல்லுக்குள் போய் இடித்தேன்.

“சாரமில்ல அங்கிள். பழைய இரும்பு. வேற தருவாங்க.”

ஒன்பது விமானங்களை உடைத்தேன். ஒருமுறைகூட அவன் குரல் உயரவில்லை.

“பிடிய முறுக்கிப் பிடிக்காதீங்க. கோழிக்குஞ்சப் பிடிக்கது மாதிரி. அதுக்குப் பறக்கத்தான் ஆசை. நாம தடுக்காம இருந்தா மதி.”

இறங்குவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வேகம் குறைந்தால் விழும், கூடினால் பாதை போதாது. மூக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும்... தவறிய ஒவ்வொரு முறையும், தொடக்கத்திலிருந்து மறுபடி செய்யச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்படிச் செய்யவில்லை. “அதுவரை எல்லாம் சரியாக்கும். கடைசி அர நிமிஷம் மட்டும் பாப்போம்” என்பான். அந்த அரை நிமிடத்தை மட்டும் மறுபடி மறுபடி பறப்போம்.

அவன் சின்னவனாக இருந்தபோது வாய்ப்பாடு சொல்வான். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஓரிடத்தில் தவறினால் முதல் வரியிலிருந்து சொல்ல வைப்பேன். மறுபடி தவறினால் மறுபடி முதலிலிருந்து. சோறு ஆறிப்போகும். ஞானம்மா அடுக்களைக் கதவில் நின்று பார்ப்பாள். இந்தப் பொறுமையை அவன் யாரிடம் கற்றான்? என்னிடமல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு உட்காருவேன். அங்கே அவனுக்குக் காலை. அவன் காப்பி குடிக்கும் ஓசை ஹெட்போனில் கேட்கும். மனைவி ஏதோ கேட்பாள், இவன் பதில் சொல்வான், ஒரு கதவு மூடும். கனடாவில் என் மகன் வீட்டுக்கு நான் போனதில்லை. ஆனால் அந்த வீட்டின் கதவு என்ன ஓசையோடு மூடும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது. சுவரில் காது வைத்துக் கேட்கிறவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

ஆறு மாதத்தில் ஒற்றை இருக்கைப் போர் விமானத்துக்கு உயர்ந்தேன். குழுவோடு சேர்ந்து போருக்கும் போனேன். பாலைவனத்துச் சாலை ஒன்றில் எதிரியின் லாரிகள் வரிசையாகப் போகும். மேலே ஒரு சுற்றுப் பறந்து எத்தனை என்று சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொருவராக இறங்கித் தாக்க வேண்டும். எண்ணும் வேலையை எனக்குத் தந்தார்கள். ஒரே சுற்றில் எண்ணினேன். பொத்தானைப் பதினொரு முறை அமுக்கினேன்.

“ஒம்பதுதானே?” என்றான் ஒருவன்.

மறுபடி பதினொரு முறை அமுக்கினேன். தாழ்ந்து போய்ப் பார்த்தார்கள். பாறை நிழலில் இரண்டு நின்றிருந்தன.

“அங்கிள் எண்ணினா எண்ணினதாக்கும்” என்று ஜெபின் சிரித்தான். சிரிப்பு நின்றதும் சொன்னான்: “எங்க அப்பாவும் லாரி எண்ணின ஆளுதான். ஒண்ணு விடமாட்டாரு. எண்ணிக்கையில மனுஷன் பொய் சொல்லமாட்டாரு.”

என் கை பிடியில் இருந்தது. அந்த லாரிகளின் மேல் சுடும் முறை என்னுடையது. சுடாமல் மேலே பறந்து போனேன். உறைந்துவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் கேலி செய்தார்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும்.

வெளியே நல்ல மழை. குழுவில் வேறு யாரும் வரவில்லை. “ரெண்டு சீட்டுப் பழைய வண்டியில போவோமா அங்கிள்? ஒரு பாடம் பாக்கி உண்டு” என்றான். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், கடலோரமாக, என்ஜினை அணைத்துவிட்டான். என்ஜின் செத்தால் விமானத்தை மிதக்கவிட்டு இறக்குவது எப்படி என்பது பாடம். இரைச்சல் போய்க் காற்றின் ஓசை மட்டும் நின்றது.

“பேடிக்காதீங்க. ஆறு நிமிஷம் உண்டு. மூக்க இப்பிடியே வச்சிருங்க.”

மூக்கை அவன் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். பிறகு அவன் பேசத் தொடங்கினான். பேச முடியாத ஒருவனிடம் பேசுவது எளிது போலும்.

“அங்கிள், எனக்குப் பிள்ளை பொறக்கப் போகுது.”

இரண்டு முறை அமுக்கினேன்.

“ஞானஸ்நானம் நம்ம ஊர்ச் சபையில குடுக்கணும்ணு ஆசை. எங்க அம்மை அங்க பாடகர் குழுவுல பாடினவங்க. ஆனா ஊர்ல எனக்கு இப்ப யாரும் இல்ல. லிஜிண்ணு ஒருத்தி உண்டு. மாமாக்க மக. சின்னதுல ஒண்ணா வளந்தோம். எத்தன மெசேஜ் அனுப்பியாச்சு. எல்லாத்தையும் பாக்குதா, பதில் மட்டும் இல்ல. அம்மை செத்ததுல இருந்து எல்லாரும் இப்படித்தான். நான் நேரத்துக்கு வந்து சேரல்லண்ணு கோவமா இருக்கும். நான் பாதி வழி வரை வந்தேன், அங்கிள். அத நம்ப மாட்டாங்களா?”

உயரம் எட்டாயிரம்.

“அப்பாட்ட கேக்கலாம். கேக்கத் தைரியம் இல்ல. அவரு எனக்காகக் காத்திருக்கல்ல, அதுல வருத்தம் உண்டு. ஆனா அம்மைய அப்பிடி வச்சுப் பாத்துட்டு இருக்க அவரால ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். பாவம்.”

பாவம் என்றான். என்னை.

ஐயாயிரம் அடி. ஓடுபாதை தெரிந்தது. கண்ணாடியில் கவசம் அசையாமல் என் பின்தலையை நோக்கியிருந்தது.

“நீங்களும் அப்பா வயசுள்ள ஆளு. ஒண்ணு கேக்கேன். உங்களுக்கு என்ன மாதிரி ஒரு மகன் உண்டுண்ணு வைங்க. பிள்ளையையும் தூக்கிட்டு வந்து வாசல்ல நிண்ணா, உங்களுக்கு வேணும்ணு தோணுமா? வரட்டுமா? ரெண்டா, ஒண்ணா?”

வந்தால் என்ன ஆகும்? லிஜி வாசலில் நிற்பாள். வெடுக்கென்று கேட்பாள், ‘காத்திருக்காண்டாம்ணு சொன்னவனுக்கு இப்ப எந்த முகம்?’ அவன், ‘யாரு சொன்னா?’ என்பான். இருவரும் என் பக்கம் திரும்புவார்கள். அந்தத் திரும்பலை நான் பார்த்தேன், ஓடுபாதையைப் பார்ப்பதுபோலத் தெளிவாக.

ஒரு முறை அமுக்கினேன்.

விரல் தவறியது என்று உங்களிடம் சொல்லலாம். நடுங்கும் விரல், வயது, மழை இடி... நம்பக்கூடச் செய்வீர்கள். ஆனால் எண்ணிக்கையில் எனக்குத் தவறியதில்லை. ஒன்று என்று எண்ணித்தான் அமுக்கினேன். இரண்டாவது முறை அமுக்க நேரம் இருந்தது. தட்டச்சுப் பலகை கையெட்டும் தூரத்தில் இருந்தது. மூவாயிரம் அடி இருந்தது. அந்த மூவாயிரம் அடியும் நான் ஒன்றும் செய்யவில்லை.

அவன் காரணம் கேட்கவில்லை. “சரி, அங்கிள்” என்றான். பிறகு, “சக்கரத்த இறக்குங்க.”

இறக்கினேன். மூக்கு நின்ற இடம் சரி. வேகம் சரி. சக்கரம் தரையைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. அதுபோல நான் அதற்கு முன்னும் இறக்கியதில்லை, பின்னும் இல்லை.

“சூப்பர் ஆக்கும்” என்றான். குரல் எங்கோ இருந்தது. “இனி நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல.”

பெண் குழந்தை பிறந்தது. அங்கேயே ஏதோ ஒரு சபையில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு படமும் ஒரு வரியும் வந்தது. ‘கர்த்தர் ஆசீர்வதிப்பாராக’ என்று ஆங்கில எழுத்தில் பதில் போட்டேன். ராஜமணியின் பெயரிலும் வாழ்த்து அனுப்பினேன். ராஜமணிக்கு நீளமான பதில் வந்தது.

லிஜி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்த ஒருநாள் என் ஃபோனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். விரலால் பெரிதாக்கினாள்.

“மூக்கு மாமிக்க மூக்காக்கும்” என்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். “பிள்ளைக்க ஞானஸ்நானத்துக்காவது கொண்டு வந்தானா, பாத்தியளா? வரமாட்டான். மாமி இருந்திருந்தா இதும் கண்டு அழுதிருக்கும்.”

“சாப்பிடுவோம்” என்றேன்.

“நீங்க அவனப் பத்தி ஒரு வார்த்த குற்றம் சொல்லமாட்டிய. அதாக்கும் உங்க குணம்” என்று எனக்குக் கிழங்கு வைத்தாள்.

நான் தின்றேன். நான்கு துண்டு.

சனிக்கிழமைகளில் இப்போதும் உட்காருகிறேன். ஜெபின் சில வாரம் வருவான், பல வாரம் வருவதில்லை. குழந்தை தூங்க விடுவதில்லையாம். வந்தால் பின்னால் குழந்தை அழுவது கேட்கும். என் பேத்தியின் அழுகையை ராஜமணியாக இருந்து கேட்கிறேன். அவன் வராத நாட்களில் தனியாக ஏறி, உயரப் போய், என்ஜினை அணைத்து, இறங்கிப் பார்க்கிறேன். அந்த ஆறு நிமிடத்தில் பொத்தானை இரண்டு முறை அமுக்குகிறேன். கேட்க யாரும் இல்லாதபோது எவ்வளவு எளிதாக வருகிறது!

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் எனக்கு யாரும் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர்.

நான் படித்தது தமிழ்ப் பள்ளியில். ஜெபினை மலையாளப் பள்ளியில் சேர்த்தேன். பின்னால் வேலைக்கு உதவும் என்று நானே தீர்மானித்தேன். லிஜியும் அங்கேதான் படித்தாள். இருவரும் என்னோடு தமிழில்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவருக்கும் ஒரு வரி தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு மலையாளம் எழுத நன்றாக வரும். சாவடியில் அத்தனை ஆண்டும் அதில்தான் எழுதினேன். இதை மலையாளத்தில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை. தமிழில் தொடங்கியபோது நிற்காமல் வந்தது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாதா?

லிஜி சற்றுமுன் வந்திருந்தாள். மேசைமேல் இந்தத் தாள்கள் விரிந்து கிடந்தன. நான் மூடவில்லை.

“சபைக்கு ஏதும் எழுதுதியளா, மாமா?”

“ஆமா.”

முதல் தாளைக் கையில் எடுத்தாள். என் மனைவியை அடக்கம் செய்ய என்று தொடங்குகிற தாள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“கையெழுத்து இப்பவும் என்னா அழகு” என்று சொல்லி, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மீன்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.